கப்பல் படத்து எல்.பி.யும் என் லெவல் குமிழும்

1. திரும்பி வந்த கேசட்

"ஏனுங்க, இதுல அந்த எடத்தைக் காணோமுங்க" என்று கேசட்டை மேஜைமேல் வைத்தார் தங்கவேலு. சூரமங்கலத்தில் குடியிருந்த கூட்ஸ் வண்டி கார்டு. சொந்த ஊர் திருச்செங்கோடு பக்கம். எண்பதுகளின் தொடக்கம் அது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் நான் ரெக்கார்டிஸ்ட். எல்.பி. இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டுப் பதிந்து கொடுப்பது வேலை.

முந்தின வாரம் அவர் கொண்டுவந்தது ஒரு பழைய ஹாலிவுட் கப்பல் படத்தின் எல்.பி. இரண்டு பக்கமும் ஒரு பாட்டுக்கூட இல்லை, படத்துக்குப் பின்னணியாக வாசித்தது மட்டும்தான். அவரோடு வேலை பார்த்த இன்ஜின் டிரைவர் பீட்டருடையதாம். "குடும்பத்தோட ஆஸ்திரேலியா போறாருங்க. நாளைக்குச் சாமானம் கட்டறாங்க. இன்னிக்கே பதிஞ்சு குடுத்துருங்க" என்றார். பதினோரு வருஷமாக, டூட்டி இல்லாத ஞாயிறெல்லாம் பீட்டர் வீட்டில் உட்கார்ந்து கேட்ட இசை அது. இப்போது பீட்டரும் போயாயிற்று, எல்.பி.யும் போயாயிற்று. இந்த ஒரு கேசட்தான் மிச்சம்.

"ஒரு செகண்ட்கூட விடலை சார், முழுசா இருக்கு" என்றேன்.

"இருக்குதுங்க. ஆனா மெதுவா வர்ற எடமே இல்லீங்களே. எல்லாம் ஒரே மாதிரி கத்துது."

"அந்த எடத்துல சத்தத்தை நான்தான் தூக்கி வெச்சேன் சார். இல்லாட்டி அது சரியாவே கேக்காது" என்றேன் பெருமையாக.

"கேக்கக் கூடாதுங்க. காதைக் கிட்டக் கொண்டு போவோணும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்கக் கூடாது என்றால் எதற்கு வாசித்தார்கள்? எதற்கு இவர் பதியச் சொன்னார்?

2. லாரிக்கார லெவல்

எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்கள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும் அவர்களுக்கு. சத்தம் இறங்கிவிட்டால் அடுத்த டிரிப்பில் வந்து கேசட்டை வீசிவிட்டுப் போவார்கள். "டேய் மணி, மீட்டர் முள்ளு எறங்குச்சுன்னா கேசட்டு திரும்பி வந்துரும்டா" என்று முதலாளி என்னிடம் தினமும் ஓதுவார். அதனால் பதியும்போது ஒரு கை எப்போதும் லெவல் குமிழ்மேல் இருக்கும். மெதுவான இடத்தில் ஏற்றுவேன், பெரிய சத்தத்தில் இறக்குவேன். சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் முள் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். கடைத்தெருவிலேயே அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் வேறு.

அன்றைக்குத் தங்கவேலு கடையிலேயே கேசட்டை ஓடவிட்டு விளக்கினார். முதலில் கப்பல் கிளம்புகிறது, பேண்டு முழங்குகிறது. கடைசியில் கப்பல் திரும்பி வரவில்லை. கேப்டன் மனைவி துறைமுகத்தில் நிற்கிறாள். அங்கே அதே மெட்டு, ஒற்றை வயலினில். இரண்டும் ஒரே மெட்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கேசட்டில் அந்த வயலின் பேண்டு செட்டுக்குச் சமமாக அலறியது. வெட்கமாகப் போய்விட்டது.

எல்.பி. இல்லாமல் என்ன செய்வது? மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் இரண்டு கேசட் டெக்கை இணைத்தேன். என் கேசட்டை ஒன்றில் ஓடவிட்டு, இன்னொன்றில் புதிதாகப் பதிந்தேன். அவர் பக்கத்தில் நின்று கையால் காட்டினார். "எறக்குங்க... இன்னுங்... இன்னுங் கொஞ்சம்... இப்ப ஏத்துங்க!" வயலின் வந்ததும் கையைத் தரைவரைக்கும் கொண்டுபோனார். முள் செத்தே போயிற்று. "இதாங்க, இதேதானுங்க" என்றார். நான் நம்பினேன்.

3. பெங்களூரில் கிடைத்தது

அதற்குப் பிறகு அந்தக் கால ஹாலிவுட் இசையமைப்பாளர்கள்மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது. எங்கே பழைய எல்.பி. கிடைத்தாலும் வாங்குவேன். அவர்கள் பேர்கூட வாயில் நுழையாது. ஒரே மெட்டை ஒரு மனிதர் எத்தனை விதமாக அழவைக்கிறார், நடக்கவைக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். மூன்று வருஷம் கழித்து பெங்களூர் பழைய கடை ஒன்றில் அதே கப்பல் படம் கிடைத்தது. அதே உறை, அதே நம்பர். குமிழைத் தொடாமல் பதிந்து எடுத்துக்கொண்டு சூரமங்கலம் ஓடினேன்.

ஆனால் வழியெல்லாம் ஒரு குழப்பம். எல்.பி.யில் அந்த வயலின் அவ்வளவு மெதுவாக இல்லை. சாதாரணமாகக் காதில் விழும் அளவுக்கு இருந்தது. அப்படியானால் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பண்ணியது என்ன?

தங்கவேலு முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இது அது இல்லீங்க."

"அதேதான் சார். நம்பர்கூட அதேதான்."

அவர் கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த எடம் வர்றப்ப பீட்டரு எந்திரிச்சுப் போயி சத்தத்தைக் கொறைப்பாருங்க. நாங்க ரெண்டு பேரும் ஸ்பீக்கர் பெட்டிகிட்டக் குனிஞ்சுக்குவோம். தலையும் தலையும் இடிக்கும். அது பாட்டுல இருக்குதுன்னே நெனச்சுப்போட்டனுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதுக் கேசட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இதை நீங்க வெச்சுக்குங்க. எனக்கு அந்தப் பழசே போதுமுங்க."

இசையமைப்பாளர் வைத்த லெவல் சரியா, பீட்டர் வைத்தது சரியா? இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு, குமிழைத் தொடாதீர்கள் என்று புத்தி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அதையும் தைரியமாகச் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். யாராவது ஒரு பழைய இசையைக் கொண்டுவந்து நீட்டினால், எந்தப் படம் என்று கேட்பதற்கு முன்னால், இதை யாரோடு உட்கார்ந்து கேட்டீர்கள் என்று கேளுங்கள்.