கடைசி வீட்டில் தண்ணீர் கேட்டவள்

இது ராஜினிக்கு நடந்தது. கிள்ளானில், போன சீனப் பெருநாள் விடுமுறையில். ராஜினி டாக்டர், அதிலும் ஆராய்ச்சி செய்கிற டாக்டர். எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு, அப்புறமும் சந்தேகப்படுகிறவள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து காப்பி போடப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் தன் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து, கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு சொன்னது இது. நான் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை.

அவளுடைய ஆராய்ச்சி காலராவைப் பற்றியது. சில கடலோரப் பகுதிகளில் அந்த நோய் ஒழிந்துபோனது மாதிரி அடங்கிக் கிடந்துவிட்டு மறுபடி மறுபடி தலைகாட்டும். அதற்கு வாயில் ஊற்றிக் குடிக்கிற தடுப்பு மருந்து இருக்கிறது. இரண்டு தவணை குடிக்க வேண்டும். முதல் தவணைக்கு வந்தவர்களில் பலர் இரண்டாவதுக்கு வருவதில்லை. ஏன் வருவதில்லை, வராமல் போனவர்களுக்குப் பிறகு என்ன ஆகிறது... இதைத் தேடித்தான் சபாவின் கடலோரக் கம்பங்களில், அந்த மீனவக் கிராமங்களில், மூன்று வருஷம் அலைந்தாள். பிறகு கிள்ளான் பக்கம் சிலருக்கு நோய் கண்டதும் இங்கே அனுப்பினார்கள்.

அவள் குடியிருப்பது தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பழைய அடுக்குமாடியில். அம்மாவும் அவளுமாக இருந்த வீடு. அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலை நாளென்றால் ஆபீஸில் யாராவது இரண்டு வார்த்தை பேசுவார்கள். விடுமுறை நாள்தான் கொடுமை. காலையிலிருந்து சாயங்காலம்வரை வாய் திறக்க வேலையே இருக்காது. லிஃப்டில் யாராவது எந்த மாடி என்று கேட்டால், பதில் சொல்லக் குரல் எழும்பாது. தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்தச் சீனப் பெருநாளின் இரண்டாம் நாளும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு விஜயன் ஞாபகம் வந்தது. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற ஆள். முதல் தவணை மருந்தைக் குடித்துவிட்டு இரண்டாவதுக்கு வரவில்லை. மூன்று நாளாகப் போனையும் எடுக்கவில்லை. ராஜினியோடு வேலை செய்யும் யுகேந்திரன், விடுமுறை முடிந்து சேர்ந்தே போகலாம், அவன் எங்கேயும் ஓடிவிட மாட்டான் என்று சொல்லியிருந்தான்.

ராஜினி காத்திருக்கவில்லை. மருந்துப் பெட்டி, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், ஒரு பெரிய போத்தல் தண்ணீர். இவற்றைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அக்கறை பாதி, அந்த வீட்டில் உட்கார முடியாதது பாதி என்று அவளே சொன்னாள்.

கிள்ளானைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், ஒரு பழைய தோட்டத்து லயம் இன்னும் நிற்கிறது. ரப்பர் போய்விட்டது. சுற்றிலும் தொழிற்சாலைகள். ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். முனையில் லோகேஸ்வரி என்ற அம்மாளின் மளிகைக் கடை. அந்தக் கடையைத் தவிர எங்கேயும் ஆள் நடமாட்டம் இல்லை. லீவு விட்டதும் எல்லாரும் கூட்டாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ராஜினி போய்ச் சேர்ந்தபோது ஆறரை மணி. மழை கட்டி நின்றது. இன்னும் இருட்டவில்லை, ஆனால் வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது.

விஜயன் வீட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ம்ஹூம். இவனும் யாரோடோ போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு காருக்குத் திரும்பினாள். முதல் தூறல் தகரக் கூரையில் விழுந்தது.

அப்போதுதான் அந்தக் குரல்.

"தாயி... தண்ணி..."

விஜயன் வீட்டுக்கு அடுத்தது, வரிசையின் கடைசி வீடு. கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கலாம். பழைய சேலை, ரவிக்கை தெரியாமல் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

ராஜினியின் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பெண்ணின் கண்கள். குழிக்குள் போயிருந்தன. கன்னம் ஒட்டியிருந்தது. குரல் கரகரத்து, காற்று மட்டும் வருவதுபோல் இருந்தது. கைவிரல்கள் வெகுநேரம் துணி துவைத்தவள் கைபோல் சுருங்கிக் கிடந்தன.

ராஜினிக்குப் பயம் வரவில்லை. வேறொன்று வந்தது. இது காலரா. முற்றிய காலரா.

பக்கத்தில் போய், "எத்தனை நேரமா வயித்தால போகுது அக்கா? வாந்தி இருக்கா?" என்று கேட்டாள். பழக்கதோஷத்தில் அவள் கையைப் பிடித்து, தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். உடம்பில் நீர் வற்றியவர்களுக்குக் கிள்ளிய தோல் மெதுவாகத்தான் படியும்.

இது படியவே இல்லை. கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது.

நாடியைப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அதற்கும் ராஜினியிடம் காரணம் இருந்தது. நோய் முற்றினால் மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போவது உண்டு. உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு. இந்தப் பெண்ணின் கை ஐஸ்பெட்டியில் வைத்த மாதிரி இருந்தது. எல்லாமே புத்தகத்தில் இருப்பதுதான். ஒன்றே ஒன்றைத் தவிர.

நாடி கிடைக்காத நிலையில் யாராலும் நிற்க முடியாது.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ராஜினி அதை அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. யோசிக்காமல் தள்ளிவைத்தாள் என்பதுதான் சரி. காரிலிருந்து போத்தலை எடுத்துவந்து, பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டிக் குலுக்கி நீட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னாள்.

அந்தப் பெண் குடித்தாள். நிறுத்தாமல்... மூச்சு விடாமல்... முழுப் போத்தலையும்.

டப்... டப்...

மழை என்று நினைத்தாள். மழை வாசலுக்கு வெளியேதான் பெய்துகொண்டிருந்தது.

டப்... டப்... டப்...

குனிந்து பார்த்தாள். சேலை ஓரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்டியது. குடித்த தண்ணீர். நிறம்கூட மாறவில்லை.

நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணின் முகம் வெகு அருகில் இருந்தது. மூச்சுக் காற்று படவில்லை.

"அந்தத் தம்பி நல்லவன்" என்றாள் அவள். "கேட்டப்பல்லாம் குடுத்தான். இப்ப அவன்கிட்ட இல்ல."

கை நீண்டது. விஜயன் வீட்டைக் காட்டியது.

ராஜினி ஓடினாள்.

விஜயனின் கதவு தாழிடப்படவில்லை. தள்ளியதும் திறந்தது. உள்ளே நாற்றம். கட்டிலுக்குக் கீழே அவன் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்திருந்தது. கண்கள் அதே மாதிரி குழிக்குள். அவனைச் சுற்றிலும் தண்ணீர்ப் போத்தல்கள். எல்லாம் காலி.

ராஜினி நாடியைத் தேடினாள். நூல் மாதிரி... மெலிசாக... இருந்தது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். அறையில் ஒரு வாளியில் குழாய்த் தண்ணீர் இருந்தது. அதைக் காய்ச்ச நேரம் இல்லை. லோகேஸ்வரியின் கடைக்கு மழையில் ஓடிப் போத்தல் தண்ணீர் வாங்கிவந்து, உப்புச் சர்க்கரையைக் கலந்து, கரண்டி கரண்டியாக அவன் வாயில் விட்டாள். அவள் கூடவே கடைக்கார அம்மாளும் குடையோடு வந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை இரண்டு பெண்களும் அவன் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி டிரிப் போட்டதும், பக்கத்து வீட்டில் இன்னொருவர் இருக்கிறார், அவருக்கு இதைவிட மோசம் என்று ராஜினி சொன்னாள். ஆம்புலன்ஸ் ஆள் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவளோடு வந்தான்.

கடைசி வீட்டுக்குக் கதவு இல்லை.

கதவு இருந்த இடம் செங்கல் வைத்துப் பூசியிருந்தது. பூச்சின்மேல் பாசி. பாசியின்மேல் கொடி. சுவரின் அடியில் ராஜினியின் போத்தல் நேராக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. காலியாக.

ஆம்புலன்ஸ் ஆள் அந்தச் சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தான். டார்ச்சை அணைத்துவிட்டு வண்டிக்குப் போனான்.

லோகேஸ்வரிதான் மெதுவாகக் கேட்டாள். "அங்க கதவு ஏது டாக்டர்? யுத்தத்துல ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னயே அடைச்சிட்டாங்களாம்."

மற்றதை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுடைய மாமியார் வழியாகக் கேட்டதாம். ஒரு காலத்தில் தோட்டத்தில் வாந்திபேதி வந்தது. அந்த வீட்டில் இருந்தவளுக்குத்தான் முதலில். புருஷன், பக்கத்து வீட்டுக்காரர்கள், மொத்த லயமும் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தபோது அவள் வாசல்படிக்கு உள்ளே கிடந்தாளாம்.

"அடுப்படியில குடம் நெறைய தண்ணி இருந்துச்சாம்" என்றாள் லோகேஸ்வரி. "எடுத்துக் குடுக்கத்தான் ஆள் இல்ல."

ராஜினி ஆம்புலன்சின் பின்னாலேயே மருத்துவமனைக்குக் காரை ஓட்டினாள். விஜயனைச் சேர்த்துவிட்டு, ராத்திரி பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து, நனைந்த துணியோடு கட்டிலில் விழுந்தாள். மறுநாள் யுகேந்திரனிடம், விஜயன் கிடைத்துவிட்டான் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு, தனிமை, மங்கின வெளிச்சம்... இப்படிக் காரணங்களை அடுக்கி மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். போத்தலுக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து விஜயன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். ராஜினி போய்ப் பார்த்தாள். அவன் அழுதான். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை என்றான், அம்மா பயந்துவிடுவாளாம். அந்த மூன்று நாளும் அவன் அறைக்கு வந்தது ஒரே ஒரு ஆள்தானாம். பக்கத்து வீட்டு அக்கா. பாவம், தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். தனக்கே தொண்டை வறண்டாலும் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லையாம்.

ராஜினி கையிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவன் கேட்டான். "அவங்க நல்லா இருக்காங்களா மேடம்?"

"யாரு?"

"அந்த அக்காதான். உங்க வீட்ல தானே இருக்காங்க?"

ராஜினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்னைய ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்ப பாத்தேனே" என்றான் விஜயன். "உங்க கார்ல, பின் சீட்டுல ஏறி உக்காந்தாங்க. நனைஞ்சுபோய்... உங்களையே பாத்துக்கிட்டு."

அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அதற்கப்புறம் வீட்டில் ஏதாவது பார்த்தாயா, கேட்டாயா என்று துருவினேன். இல்லை என்றாள். வீடு எப்போதும்போலத்தான் இருக்கிறது. சத்தம் இல்லை. நிழல் இல்லை. ஆளே இல்லை.

ஆனால் நான் கிளம்பும் நேரத்தில் கூடவே கீழே தெருமுனைக் கடைவரை இறங்கி வந்தாள். திரும்பும்போது அவளை வாசல்வரை கொண்டுவிட நானும் மேலே போனேன். தன் வீட்டுக் கதவின் முன் நின்று, கையில் சாவி இருந்தும், ராஜினி முதலில் இரண்டு தரம் தட்டினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம்தான் சாவியைப் போட்டாள்.

ஒருநாள் உள்ளேயிருந்து பதில் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"தண்ணி எங்க இருக்குன்னு சொல்லுவேன்" என்றாள். குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அப்புறம்... பக்கத்துல உக்காந்துக்குவேன்."