போடும் வரம்பு வேறு, கழிக்கும் வரம்பு வேறு

மார்ச் மாதம் மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் எங்கள் கணக்கர் அலுவலகத்துக்கு வரிக் கணக்குக் கொடுக்க இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ரசீதே இல்லாதவர்கள் ஒரு வகை. கல்யாண விருந்தில் வரிச் சட்டம் படித்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை எப்படியாவது சமாளித்துவிடுவேன். குமரேசன் இரண்டாவது வகை.

தெலுக் இந்தானில் வாடகைக் கடையில் டயர் வியாபாரம். கடையின் சொந்தக்காரரான தவுக்கே அதை விற்க முடிவெடுத்து, மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் உனக்கே என்று சொல்லியிருந்தார். முன்பணமும் தயாராக இருந்தது. அந்தப் பணத்தின் ரசீதைத்தான் பெருமையாக என் மேசையில் வைத்தார்.

“டிசம்பர்லயே மொத்தமா ஊழியர் சேமநிதியில போட்டுட்டேன் அக்கா. இந்த வருஷம் வரியே வராது. இனி எடுத்துத் தவுக்கேகிட்ட கொடுத்துடலாம்லா.”

யார் சொன்னது என்றேன். காப்புறுதி விற்கும் மச்சானாம். ஆண்டுக்கு நூறாயிரம் வெள்ளிவரை சொந்தமாகப் போடலாம், போட்டதெல்லாம் வரியில் கழியும் என்று கல்யாணத்தில் பிரியாணிக்கு நடுவே விளக்கினாராம். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி பிரியாணி மயக்கம்.

“நூறாயிரம் நீங்க போடக்கூடிய அளவு, தம்பி. வருமானத்துல கழிக்கறதுக்கு நாலாயிரம்தான்.”

“மிச்சம்?”

“மிச்சம் உங்க வயசான காலத்துக்கு.”

அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பெரும்பகுதி ஐம்பத்தைந்துவரை அசையாது. நினைத்தபோது எடுக்கக்கூடியது பத்தில் ஒரு பங்கு. வீடு வாங்க என்றால் இன்னொரு பங்கைக் கேட்டுப் பார்க்கலாம், கடைக்குக் கிடையாது. சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. மச்சானைப் போனில் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்.

மச்சான் கொஞ்சமும் அசரவில்லை. காசு எங்கேயும் போகவில்லை, லாப ஈவு வரும், கடை என்ன பெரிய கடை என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. நீங்கள் எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன்.

“நான் எங்க போட்டேன், அக்கா? எனக்குக் கையில காசு வேணும்லா.”

குமரேசன் போனை அணைத்தார்.

கடையை வேறு ஒருவர் வாங்கிவிட்டார். குமரேசன் இன்று அதே கடைக்குக் கூடுதல் வாடகை கட்டுகிறார். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டிசம்பரில் யாராவது சேமநிதியில் போடப் போகிறேன் என்றால், வரியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் காசு வேறு எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். யோசனை சொன்னவர் எவ்வளவு போட்டார் என்றும் கேளுங்கள்.