பதினாலாம் நாளை நம்பி

கல்யாணமாகி மூன்றாவது வருஷம், என் வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டு நான் தனியாக ஆந்திராவுக்குப் போனேன். அவர் காணாமல் போயிருக்கவில்லை. எனக்குக் குழந்தை நிற்கிற நாள் தப்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவர் போர் வண்டியில் வேலை செய்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி அது, ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். மாசத்துக்கு நாலு நாள்தான் லீவு. நான் எங்கள் மலைக்கிராமத்திலேயே மாமியாரோடு சாமைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு நாள் எது என்று முடிவு செய்வது என் வேலை. மாதவிலக்கு ஆன முதல் நாளிலிருந்து எண்ணினால் பதினாலாம் நாள் கருமுட்டை வெளியே வரும், அதையொட்டிச் சேர்ந்தால் குழந்தை நிற்கும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். பத்தாம் நாள் அவருக்குப் போன் போடுவேன். பதினொன்றாம் நாள் மலையேறி வருவார். பதினாலாம் நாள் சாயங்கால பஸ்ஸில் அடிவாரத்து ஆலங்காயத்துக்கு இறங்கிவிடுவார்.

பிறகு காத்திருப்பேன். இருபத்தெட்டு தாண்டும், முப்பது தாண்டும். மாமியார் என் தட்டில் ஒரு முட்டையை வைப்பார். முப்பத்தஞ்சாம் நாள் வயிற்றை வலித்துக்கொண்டு வந்துவிடும். மாசத்தில் ஒரு வாரம் நான் கர்ப்பிணியாக இருந்தேன், என் மனசுக்குள் மட்டும்.

“இன்னாமே, இந்த மாசமும் ஒக்காந்துட்டியா?” என்பார் மாமியார். திட்டக்கூட மாட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு நாள் தாங்க முடியாமல் சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் போனேன். தேதி வட்டம் போட்ட காலண்டர் தாள்களைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

“உனக்கு முப்பத்தஞ்சு, முப்பத்தாறு நாளைக்கு ஒருக்கா இல்ல வருது? பதினாலுன்னு யாரும்மா சொன்னது?”

“வீடியோல...”

“அது இருபத்தெட்டு நாளைக்கு ஒருக்கா வர்றவங்க கணக்கு. அடுத்தவாட்டி வர்ற தேதியிலேர்ந்து பின்னாடி பதினாலு எண்ணணும். உனக்கு இருபத்தொண்ணாம் நாள் கிட்ட வரும். அந்த நாளும் அதுக்கு முன்னாடி அஞ்சு நாளும்தான் உன்னுது. அப்போ வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு படுமே, பார்த்ததில்லையா?”

பார்த்திருக்கிறேன். அவர் வேலைக்குத் திரும்பிப் போன சில நாளில், ஒவ்வொரு மாசமும். அதை நோய் என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறேன்.

“இதுவும் குத்துமதிப்புதாம்மா. மாசத்துக்கு மாசம் முன்னபின்ன ஆவும். வூட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கினு வா” என்றார். அது என் காதில் ஏறவில்லை. இத்தனை வருஷமும் என் நாள் வருவதற்குள் அவரை நானே பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன் என்பது மட்டும்தான் ஏறியது. வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அன்றைக்குப் பதினேழாம் நாள். அவருக்குப் போன் போட்டேன்.

“இப்பதானே வந்துட்டு போனேன்? மேனேஜர் வுடமாட்டாரு.”

“நான் வர்றேன்.”

“எங்க வருவ? லாரிக்கு அடியில பாய் போட்டுப் படுக்கறோம்மே.”

செங்கத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டு, பத்தொன்பதாம் நாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வாணியம்பாடியில் மாறி, குப்பத்தில் மாறி, தெலுங்கில் கேட்டதற்குத் தமிழில் பதில் சொல்லி, மதனப்பள்ளி பக்கம் அவர் போனில் சொல்லியிருந்த ஒரு வேர்க்கடலைக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. தலை முதல் கால் வரை கல்மாவு அப்பிய ஒரு ஆள் என்னைப் பார்த்து அப்படியே நின்றார். அவர் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேனேஜர் மறுநாள் காலை வரை விட்டார். டவுனில் ஒரு லாட்ஜில் ஆதார் கார்டு காட்டி ரூம் எடுத்தோம். குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். காதுக்குள் இன்னும் வெள்ளைத் தூள் இருந்தது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுப்பினேன்.

“மாமா, இன்னிக்கு வுட்டா அடுத்த மாசம்தான்.”

எழுந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்தார், விட்டார். “முடியலமே. ஒடம்பு வரல.”

“அப்ப இன்னாத்துக்குக் கல்யாணம் கட்டின?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே பேசினார். “ஒன் போன் வந்தாலே எனக்கு பயம். ‘நாள் வந்துடுச்சாடா’ன்னு வண்டியில எல்லாரும் சிரிக்கறாங்க. பஸ்ஸுல வர்றப்போ, நாலு நாள்ல ஆவணுமேன்னுதான் ஓடுது. நீ எப்படி இருக்கன்னு பார்க்கக்கூடத் தோணறதில்ல.”

அவருக்கும் இது வலிக்கும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அவர் முதுகின் மேல் முகத்தை வைத்து அழுதேன். அவரும் அழுதார். அந்த நாள் அப்படியே போனது. காலையில் பஸ் ஏற்றிவிடும்போது ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

அந்த மாசமும் முப்பத்தாறாம் நாள் விலக்கு ஆகிவிட்டது.

நர்சம்மா டெஸ்ட் எடுக்கச் சொன்னதைப் பிறகு ஒரு நாள் போனில் அவரிடம் சொன்னேன். சாமை அறுப்புக்கு, நான் கூப்பிடாமலே வந்தார். “அந்த டெஸ்ட்டுக்குப் போலாமா?” என்று அவராகவே கேட்டார். திருப்பத்தூரில் இருவரும் டெஸ்ட் எடுத்துக்கொண்டோம். எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்கு விந்தணுக்கள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை என்றார் டாக்டர் அம்மா. மாத்திரை எழுதிக் கொடுத்தார், கூடவே இருக்கப் பாருங்கள் என்றார்.

போர் வண்டி வேலையை விட்டுவிட்டு இப்போது மலைக்கும் ஆலங்காயத்துக்கும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அதற்குப் பிறகு இரண்டு சாமை அறுப்பு முடிந்துவிட்டது. குழந்தை இல்லை. நாட்களை நான் இன்னும் எண்ணுகிறேன், ஆனால் அவரிடம் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.