பழைய மழையில் விளைந்த புல்

நிலத்தடி நீரைக் கணக்கிடுவது என் தொழில். லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் வாழாத நாடுகளின் மண்ணுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எந்தப் பக்கம் நகர்கிறது, எப்போது தீரும் என்று சொல்வேன். இந்த வேலையை நன்றாகவே செய்வேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

நான் சொல்லப்போவது ஒரு பாலைவன நாட்டைப் பற்றி. பெயரை எழுதக்கூடாது என்பது ஒப்பந்தம், எழுதாமலே விளங்கும். அங்கே ஆறு கிடையாது. மழை சில வருடங்களில் எட்டிப்பார்க்கும், சில வருடங்களில் மறந்துவிடும். அப்படியிருந்தும் விமானத்திலிருந்து பார்த்தால் மணல்வெளியில் பெரிய பெரிய பச்சை வட்டங்கள் தெரியும். நடுவில் ஓர் ஆழ்துளைக் கிணறு. அதிலிருந்து சக்கரம் பூட்டிய நீண்ட குழாயொன்று கடிகார முள்ளைப்போலச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும். அது சுற்றிய இடமெல்லாம் பச்சை. அந்த வட்டங்களில் பெரும்பாலும் வளர்ந்தது குதிரைமசால், பால் மாடுகளுக்கான தீவனப் புல். வெட்ட வெட்ட வளரும், வருடம் முழுவதும் தண்ணீர் குடிக்கும்.

அந்தத் தண்ணீர் நேற்றுப் பெய்த மழையல்ல. பல்லாயிரம் வருடங்களுக்கு முன், அந்த நாடே பசுமையாக இருந்த ஒரு காலத்தில் பெய்து பாறைக்குள் இறங்கியது. எடுத்தால் எடுத்ததுதான், மறுபடி ஊறாது.

இந்தப் புல் பண்ணையை இரட்டிப்பாக்கப் போகிறோம், புதுக் கிணறுகளை எங்கே தோண்டலாம் என்றுதான் அந்த நாட்டு நீர்த்துறையினர் எங்களிடம் கேட்டார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அதில் வேலை செய்தேன். கிடைத்த பதில் அவர்கள் விரும்பக்கூடியதல்ல. புதுக் கிணறுகள் ஓடத் தொடங்கினால் நீர்மட்டம் வேகமாக இறங்கும். பக்கத்துப் பாறை அடுக்கில் கிடக்கும் உவர்நீர் நல்ல நீருக்குள் நகர்ந்து வரும். முதலில் உப்பாவது பண்ணையின் கிணறுகள்கூட அல்ல, ஓரத்துக் கிராமங்களின் பேரீச்சந்தோட்டக் கிணறுகள். கணக்கில் எந்த அளவை மாற்றிப் பார்த்தாலும் இதே முடிவுதான் வந்தது.

என் மேலாளர் ஆங்கிலேயர், மரியாதை தெரிந்த மனிதர். அறிக்கையை வாசித்துவிட்டு என்னை அழைத்தார்.

"கணக்கு சரிதான். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி இதுவல்லவே. கிணறுகளுக்கான இடங்களை முன்னால் வைப்போம். இதைப் பின்னிணைப்பில் போடலாம்."

"பின்னிணைப்பை யாரும் வாசிக்க மாட்டார்கள்" என்றேன்.

"அதனால்தான் சொல்கிறேன்" என்றார். சிரிக்கவில்லை. எங்கள் பிரிவில் பாதிப் பேருடைய வேலை அந்த ஒரு வாடிக்கையாளரை நம்பி இருந்தது. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது.

"இது முதல் பக்கத்தில் வரவேண்டும். இல்லையென்றால் அறிக்கையில் என் பெயர் வேண்டாம்."

அவர் அறிக்கையை மூடி வைத்தார். "அவர்கள் இங்கே வருகிறார்கள். அப்படியானால் நீங்களே முகத்துக்கு நேரே சொல்லுங்கள்."

என் கணவர் கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். அன்று பின்னேரம் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்ததைச் சொன்னேன்.

"அவங்கட நாடு, அவங்கட தண்ணி. உனக்கென்னத்துக்கு இந்த வேலை?" என்றார்.

"என்னட்டத்தானே கேட்டவங்கள். கேட்டா உள்ளதைத்தான் சொல்ல ஏலும். உங்கட கடையில கிடக்கிற வெண்டிக்காயும் அப்படி ஒரு நாட்டில இருந்துதானே வருது?"

"ஓம், பெட்டியில நாட்டின்ர பேர் போட்டிருக்கு. அப்ப நான் அதை விக்கக்கூடாதோ?"

"வில்லுங்கோ. வெண்டிக்குச் சொட்டுச் சொட்டாத் தண்ணி விட்டு வளர்க்கலாம், விட்ட தண்ணிக்கு நல்ல விலையும் வரும். பல்லாயிரம் வருசத்துக்கு முந்தின மழையை எடுத்துப் புல்லுக்கு ஊத்துறதுதான் விசர் வேலை."

"வேலை போனா?"

"போகாது. போனாலும் இன்னொண்டு எடுப்பன்."

கூட்டத்தன்று காலையில் என் சேலைக்கு அவரே இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

வந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அந்த நாட்டு நீர்த்துறையின் மூத்த அதிகாரி. நரைத்த தாடி, தாழ்ந்த குரல், குறையில்லாத ஆங்கிலம். கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகிச் சிவக்கும் முதல் பக்கத்து வரைபடத்தைத் திரையில் போட்டு நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்:

"இன்று காலை நீங்கள் குடையோடு வந்தீர்களா?"

"ஆமாம்."

"குடை பிடித்து அலுவலகம் வருகிற நீங்கள் எங்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறீர்கள்."

மேலாளர் நாற்காலியில் நெளிந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. "நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில்" என்றேன். "எங்களுக்கும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல், கிணறுகள், சுற்றிவரக் கடல். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே வரும். அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் இதைப் படித்தேன்."

"சரி. எங்கள் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை விளைவிப்பீர்கள்?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பேரீச்சையை வைத்திருங்கள், அதற்குச் சொட்டுநீர் போடுங்கள். காய்கறியை நிழல்வலைக்குள் கொண்டுபோங்கள். புல்லில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குங்கள். மிச்சத்தை உங்கள் தலைநகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அதில் வளருங்கள் என்றேன்.

கழிவுநீர் என்றதும் அறையில் ஒரு முணுமுணுப்பு. "எங்கள் மக்கள் அதை ஏற்கமாட்டார்கள்" என்றார் அவர்.

"நாளை காலை நேரம் இருக்கிறதா? என் வீட்டுப் பக்கம் ஓர் இடம் காட்டுகிறேன்."

அவர் தனியாக டாக்சியில் வந்திறங்கினார். பிளேஸ்டோ வழியாகப் போகும் நீளமான மேட்டுப்பாதைக்கு அவரைக் கூட்டிப்போனேன். சைக்கிளில் போகிறவர்கள், நாயோடு நடக்கிறவர்கள், இரண்டு பக்கமும் புதர்கள். அவர் ரசித்துக்கொண்டு நடந்தார்.

"நல்ல பாதை."

"இது பாதையில்லை. குழாய்களின் முதுகு. இந்த நகரத்தில் பாதிப் பேர் குளித்த, கழுவிய தண்ணீர் நம் காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது."

சட்டென்று நின்றார். காற்றை முகர்ந்து பார்த்தார். வெயில் நாட்களில் மெல்லிய வாடை வரும்; அன்று இல்லை. "எங்கே போகிறது?"

"பெக்டனுக்கு. அங்கே சுத்திகரித்து ஆற்றில் விடுகிறார்கள்."

"வயலுக்கு?"

"இங்கே வயலுக்கு மழை போதும். உங்களுக்குத்தான் மழை இல்லை. ஆனால் நீங்களும் இதைச் சுத்திகரித்துக் கடலில்தான் விடுகிறீர்கள்."

அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நேற்று உங்கள் வரைபடத்தில் முதலில் சிவப்பாக மாறிய புள்ளி எங்கள் ஊர். என் தம்பி அங்கே பேரீச்சந்தோட்டம் வைத்திருக்கிறான். தண்ணீர் கரிக்கிறது என்று போன வருடமே சொன்னான். தொட்டியைக் கழுவு என்றேன்."

எனக்கு அது தெரியாது. இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எழும்பும்போது அவர் கேட்டார்: "உங்கள் கணக்கில் எங்காவது பிழை இருக்குமா?"

"எந்த வருடம் உப்பாகும் என்பதில் இருக்கலாம். உப்பாகும் என்பதில் இல்லை."

"அமைச்சரிடம் பேசுவது என் பொறுப்பு" என்றார்.

சுலபமாக முடியவில்லை. பால் பண்ணைக்காரர்கள் எதிர்த்தார்கள். எங்கள் கணக்கை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். அவர்களும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் புதுக் கிணறுகள் கைவிடப்பட்டன. பழைய வட்டங்களில் பாதிக்கு மேல் மூடப்பட்டன. தலைநகரிலிருந்து சுத்திகரித்த நீருக்கு ஒரு குழாய் வந்தது. எஞ்சிய புல் அதில் வளர்கிறது. வாடிக்கையாளர் எங்களைவிட்டுப் போகவில்லை. மேலாளர் அந்தத் திட்டம் முழுவதையும் என் பொறுப்பில் விட்டார். பின்னிணைப்புப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன வருடம் அங்கே நேரில் போனேன். மூடிய வட்டமொன்றில் மணல் ஏற்கெனவே ஏறியிருந்தது. என்னை வண்டியில் கூட்டிப்போனவர் ராமநாதபுரத்துக்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"இங்க முன்னாடி நிறையப் பேரு இருந்தோம் மேடம். வட்டத்தை மூடினதும் பாதிப் பேர ஊருக்கு அனுப்பிட்டாங்க. யாரோ லண்டன்லேர்ந்து எழுதிக் குடுத்தாங்களாம்."

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

வண்டியின் வேகம் குறைந்தது. "நீங்களா?"

"ஆமாம். தண்ணீர் தீர்ந்தால் எல்லாரும்தான் போகவேண்டியிருக்கும்."

அவர் யோசித்தார். "அது சரிதான் மேடம். ஆனா போனவன் வீட்ல அதச் சொல்ல முடியாதுல்ல?"

முடியாது என்று ஒத்துக்கொண்டேன். அந்த வேலைகள் போனது என் மனதைக் குத்தத்தான் செய்தது. என்றாலும் மறுபடி கேட்டால் அதே பதிலைத்தான் முதல் பக்கத்தில் எழுதுவேன். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வேண்டுமென்றால் பேரீச்சந்தோட்டத்தில் வேலை செய்யும் நண்பர்களிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

முதலில் கண்காணிப்புக் கிணற்றுக்குப் போனோம். அளவு நாடாவை உள்ளே இறக்கினேன். தண்ணீரைத் தொட்டால் அது கீச்சென்று ஒலிக்கும். வெகுநேரம் இறங்கிக்கொண்டே போனது. அவரும் குனிந்து காதைக் கொடுத்தார். ஒலித்தது. நீர்மட்டம் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். தோட்டத்தில் அவருடைய நண்பர்கள் எங்களுக்காகத் தேநீர் வைத்திருந்தார்கள்.