மெய்நிகர் கோயிலில் நான் போட்ட திரை

காண்பவர் கண்ணில் ஒளியாகவும் காணாதவர் நெஞ்சில் ஏக்கமாகவும் நிற்கும் பெருமானே, உன் திருவடியன்றி அடியேனுக்குப் பற்றுக்கோடு இல்லை. இன்று விரோதி ஆண்டு, மார்கழித் திங்கள், வைகுண்ட ஏகாதசி நன்னாள். பெருமாள் கோயில்தோறும் வடக்கு வாசல் திறந்த இந்த நாளில், திறக்க வேண்டிய ஒன்றை மூடிவைத்த என் குற்றத்தை எழுதுகிறேன்.

ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. பாசுரங்களை இளமை முதல் ஓதி வந்தேன்; சபைகளில் பொருள் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். என் மனைவிக்கு ஒரு பாசுரம்கூட முழுதாக வராது. அவள் பக்தி வேறு வகை. படப்பைக்கு அப்பால் ஒரு சிறு குன்றின்மேல் நிற்கும் பெருமாளைச் சனிக்கிழமைதோறும் ஏறிச் சென்று பார்ப்பாள், இறங்கி வருவாள், அவ்வளவுதான்.

இடுப்பு எலும்பு முறிந்தபின் ஏற்றம் நின்றது. டோலியில் தூக்கிச் செல்லலாம் என்றேன்.

"அவரைப் பார்க்க நடந்துதாங்க போவேன். நாலு பேர் தூக்கிட்டுப் போறது ஒரு தடவை போதும், அது கடைசியா இருக்கட்டும்" என்றாள்.

பிறகு கண் அழுத்த நோய் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வந்தது. ஓராண்டுக்குமேல் தாங்காது என்றார் மருத்துவர். அந்தக் கோயில் மூலவருக்குப் படம் கிடையாது. கருவறையைப் படமெடுக்க விடமாட்டார்கள். கண் போவதற்குள் ஒருமுறை அவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

எங்கள் மாடியில் குடியிருந்த பெண் நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் பொறியாளர். விடுமுறை நாட்களில் தாம்பரத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்துக்குப் போவாள். தலையில் ஒரு கருவியை அணிந்துகொண்டால் கண்முன் வேறோர் இடம் விரியும். தலையைத் திருப்பினால் அந்த இடமும் திரும்பும். மெய்நிகர் என்று அதற்குப் பெயர். அதில் ஆர்வமுள்ளவர்கள் மாதந்தோறும் அங்கே கூடுவார்கள். கூட்டச் செய்திகளை மின்னஞ்சலில் ஒரு மடலாக அனுப்புவார்கள். படி ஏற முடியாத முதியோருக்காக ஒரு கோயிலைச் செய்வதென்று அவர்கள் முடிவெடுத்தபோது, அந்தப் பெண் என் மனைவியின் குன்றைத் தேர்ந்தெடுத்தாள். படிகளை அளந்தாள், தூண்களைப் படமெடுத்தாள். என்னை ஆலோசனைக்கு அழைத்தாள்.

"மூலவரை மட்டும் போட்டோ எடுக்க முடியாது சார். ஆனா பூஜை பண்ற பட்டரே நமக்கு ஒத்துழைக்கிறேன்னுட்டார். அவர் சொல்லச் சொல்ல வரைஞ்சு, உருவமா செஞ்சுடலாம்" என்றாள்.

பட்டரே இசைந்ததை நான் மறுத்தேன். மந்திரம் ஓதி நிறுவாத உருவத்தின்முன் ஒருவர் கைகூப்புவது முறையன்று என்றேன். கூட்டத்தில் எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் எழுதினேன்: "கருவறையில் திரை."

பின்வரிசையிலிருந்து ஒருவர் சிரித்தார். "சார், கம்ப்யூட்டர் திரைக்குள்ளயே இன்னொரு திரையா?"

"உங்கள் திரை காட்டுவதற்கு. எங்கள் திரை மறைப்பதற்கு" என்றேன். எல்லோரும் ரசித்தார்கள்.

அந்தப் பெண் மட்டும் குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்து கேட்டாள்: "எப்போ திறக்கணும் சார்?"

"அது பெருமாள் திருவுள்ளம்."

கைதட்டல் எழுந்தது. அம்மாத மடலில் அந்த வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அதைப் படியெடுத்து வைத்துக்கொண்டேன். அவள் கேட்டது கணினிக்கு எழுத வேண்டிய ஒரு கட்டளைக்கான விவரம். திறக்கும் வேளையைச் சொல்லாவிட்டால் அந்தத் திரை எக்காலத்தும் திறக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சென்ற ஆண்டு புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. என் மனைவி விடியலில் தலைமுழுகி, கோயிலுக்கென்றே வைத்திருந்த அரக்குப் புடவையைக் கட்டி, துளசி கொஞ்சம் இலையில் மடித்து எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் போனோம். தூசு ஆகாதென்று ஆய்வக வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

ஆய்வக உதவியாளர் ஐம்பது வயதுக்காரர். நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரவைத்தார். "குந்துக்கா. இத்த மாட்டிக்கினு அவனவன் காத்துல கைய வீசிகினு கீறான். போன வாரம் ஒரு பெரிய ஆபீசரு வாந்தியே எடுத்துட்டாரு. உனக்குத் தல சுத்துச்சின்னா சொல்லு, கயட்டிடலாம்."

"பெருமாள் கோயில்ல யாருக்காவது தலை சுத்துமா தம்பி?"

"அதுவும் கரீட்டுதான். மலையயே பொட்டிக்குள்ள வச்சிப் பூட்டிட்டாங்க. இன்னா, பிரசாதந்தான் கெடைக்காது."

அவள் சிரித்தாள். வலக்கையில் ஒரு பிடியைக் கொடுத்தார்கள். அதை முன்னே சாய்த்தால் நடக்கலாம். உட்கார்ந்தபடியே படியேறினாள். "அம்மாடி, முட்டி வலிக்கவே இல்லியே" என்றாள். எந்தத் திருப்பத்தில் வேப்பமரம் வரும் என்று முன்கூட்டியே சொன்னாள், அது வந்தது. கருவறைக்கு எதிரே வந்ததும் பிடியை மடியில் விட்டுவிட்டுக் கைகூப்பினாள்.

மஞ்சள் கரையிட்ட செம்பட்டுத் திரை. நான் சொல்லிச் செய்வித்தது.

"திரை போட்டிருக்கு. பெருமாளுக்குத் தளிகை படைக்கிறாங்க போல" என்றாள். "இருந்து பார்த்துட்டே போகலாங்க."

காத்திருந்தாள். கருவியின் கனத்தில் கழுத்து தாழ்ந்தது; நிமிர்த்திக்கொண்டாள். துளசி புடவை மடிப்பில் கிடந்தது. அந்தப் பெண் என் அருகில் வந்து மெல்லிய குரலில் கேட்டாள்: "திரையை எடுத்துடட்டுமா சார்? ஆனா பின்னால ஒண்ணும் கிடையாது. நீங்க வேண்டாம்னதால எதுவும் செய்யல. வெறும் சாம்பல் நிறம்தான்."

வேண்டாம் என்று தலையசைத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

அரை மணி நேரம் அவள் கைகூப்பியே இருந்தாள். பிறகு தானே கருவியைக் கழற்றினாள். நெற்றியில் பட்டையாகத் தடம் பதிந்திருந்தது. "இன்னிக்குக் கொடுத்து வைக்கல. அடுத்த சனிக்கிழமை வரலாம்" என்றாள்.

அன்று மாலையே மாடிக்குச் சென்று, பட்டர் சொல்படி உருவத்தைச் செய்துவிடும்படி மன்றாடினேன். அந்தப் பெண் மனமார ஒப்புக்கொண்டாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை வரவே இல்லை. கணினித் தொழிலில் மந்தம் சூழ்ந்த காலம் அது. கல்லூரி அந்த அறையை வேறு பாடத்துக்கு ஒதுக்கியது, கூட்டம் கலைந்தது, மடலும் நின்றது. தைப் பொங்கலன்று பானை பொங்கியதை என் மனைவி ஓசையால்தான் அறிந்தாள்.

இந்த ஆண்டு ஐப்பசியில் அந்தப் பெண் என்னை நாவலூருக்கு அழைத்தாள். இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளை வாங்க வருவோருக்கு அதே மெய்நிகர்க் கருவியில் காட்டும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கருவியை அணிந்தேன். படுக்கையறைச் சன்னலில் மஞ்சள் கரையிட்ட செம்பட்டுத் திரை தொங்கியது.

"பழசையே எடுத்துப் போட்டுட்டேன் சார். தப்பா நினைக்காதீங்க" என்றாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். திரை இரு பக்கமும் விலகியது. அப்பால் நீலக் கடல்.

இன்று காலை அக்கம்பக்கத்தார் வடக்கு வாசலைக் கண்டு திரும்பிய பேச்சு தெருவில் கேட்டது. என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அன்னிக்கு நாம கிளம்பின பிறகாவது திரை திறந்திருப்பாங்க, இல்லீங்க?" என்றாள். ஓராண்டாக ஏதேதோ சொல்லி மழுப்பிய கேள்வி. இன்று முழுவதையும் சொன்னேன்: பட்டர் இசைந்ததை, நான் தடுத்ததை, கைதட்டலை, சாம்பல் நிறத்தை.

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, "அப்போ நான் யார் முன்னாடிங்க நின்னேன்?" என்றாள்.

ஆயிரம் பாசுரம் அறிந்த நான் அவற்றில் ஒன்றை ஓதத் தொடங்கினேன். இரண்டாம் அடியிலேயே நிறுத்திவிட்டேன். அவள் படுத்துக்கொண்டாள். போர்வையை இழுத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கும் அனைவரும் நலமுறுக. கண்ணில் ஒளி உள்ளபோதே காண வேண்டியதைக் காணும் பேறு உங்களுக்கு வாய்க்கட்டும். உங்களை நம்பிக் காத்திருப்பவர் முன்னால் நீங்கள் போட்ட திரை ஏதேனும் இருந்தால், அதை விலக்கும் மனமும் வேளையும் பெருமான் உங்களுக்கு அருளட்டும்.