வசனம் கேட்ட மாப்பிள்ளை

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆழ்வார்திருநகரிச் சந்தையில் எல்லாருக்கும் கதை தெரியும். சிரித்தும் முடித்துவிட்டார்கள். ஆனால் என் கிண்டலால்தான் கல்யாணம் நின்றது என்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்காக எழுதுகிறேன்.

பெண்ணின் தகப்பனாருக்குச் சந்தையில் கருப்பட்டிக் கடை. வேதத்தில் வசனம் இல்லாத எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். கிறிஸ்து பிறந்த தேதி வேதத்தில் இல்லை என்று கிறிஸ்மஸ் அன்றும் கடை திறப்பார். நாங்கள் புதுத்துணியோடு கோயிலில் பாடிக்கொண்டிருப்போம். அவர் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பிடிவாதத்தால்தான் எனக்குப் பெண் கிடைத்தது. கொழும்பில் இருக்கும் அவருடைய அக்காள், முறைப்படி பெண் தன் மகனுக்குத்தான் என்று உரிமை கொண்டாடினாள். "முறைக்கு வசனம் காட்டு" என்று ஒரே கடிதத்தில் அவள் வாயை அடைத்துவிட்டு, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிய எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்தார். பெண்ணுக்கும் சம்மதம். பேசி முடித்த அன்று கதவுக்குப் பின்னால் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை சொல்ல ஆள் உண்டா என்று குருவானவர் கோயிலில் கேட்பார். அவரை நாங்கள் ஐயர் என்போம். இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாம் ஞாயிறு ஐயருக்குக் காய்ச்சல். அந்தப் புதன்கிழமையே லெந்து, ஈஸ்டருக்கு முந்திய தபசுக் காலம், பிறந்துவிட்டது. லெந்து முடியும்வரை, நாற்பது நாள், கல்யாணம் கிடையாது. இந்த நேரம் பார்த்து, பங்குனியில் மகனோடு கப்பலேறி வருவதாகக் கொழும்பு அக்காள் எழுதியிருந்தாள். அவள் வந்து உட்கார்ந்துவிட்டால் என் கதை அவ்வளவுதான்.

ஐயரிடம் ஓடினேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, லெந்துல கலியாணம் கூடாதுன்னு வேதத்துல எங்கன இருக்கு?"

"வேதத்துல இல்ல. அது சபை வழக்கம்."

"வழக்கத்த மாத்தப்பிடாதா?"

"ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கு. ஒனக்காவ மாத்தணுமோ? ஈஸ்டர் கழிச்சு வாலே."

எனக்கு வந்த எரிச்சலில் கஞ்சியைப் பிடுங்கி நானே குடித்திருப்பேன். நேரே கருப்பட்டிக் கடைக்குப் போனேன். வழக்கத்தை மதிக்காத ஒரே மனுஷன் அவர்தானே.

"மாமா, லெந்துக்கு வசனமே இல்லையாம். ஐயரே சொல்லிட்டாரு."

"நான் எத்தன தடவ சொன்னேன்!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த ஐயரு இல்லன்னா வேற ஐயரு. வார ஞாயிறு மூணாம் ஓலைய வாசிச்சுட்டு மறுநாளே வச்சிருவோம்."

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்படிப் பாத்தா ஓலைக்கும் வசனம் இல்ல மாமா. கோயிலுக்குள்ள கலியாணம் வைக்கதுக்கும் இல்ல. நீங்க மாமியக் கெட்டுனதுக்கு எந்த வசனம்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கருப்பட்டியைத் தட்டில் பைய வைத்தார்.

"நியாயமான கேள்விதாம்லே. வேதத்துல பாக்காம நான் வாக்குக் குடுத்தது தப்பு. மொதல்ல இருந்து வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

நாலாம் நாள் வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வேதபுத்தகம் விரித்தபடி இருந்தது. பக்கத்துக்கு அடையாளமாகப் பனையோலைக் கீற்று ஒன்று.

"வேதத்துல வார நம்ம கோத்திரத் தகப்பன் அம்புட்டுத் தூரம் நடந்து போயி யாரக் கெட்டுனாரு? தாய்மாமன் மகளத்தான. நூறு தடவ வாசிச்சிருக்கேன், கண்ணுல படல. இப்பம்லா பட்டுது. முறைக்கு வசனம் இருக்குலே."

கொழும்புக்காரனுக்காக நானே தேட வைத்த வசனம். அப்போதாவது கெஞ்சியிருக்க வேண்டும்.

"அப்பம் கொழும்புக்காரனையும் அந்தத் தகப்பன் மாதிரி பொண்ணுக்காவ ஏழு வருசம் ஆடு மேய்க்கச் சொல்லுங்க மாமா. அவருக்கு அக்கா, தங்கச்சி ரெண்டு பேரையும்லா குடுத்தாங்க? ஒங்க சின்ன மவளையும் சேத்துக் குடுத்துருவியளா?"

மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு பறந்து வந்து என் தோளில் விழுந்தது. இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் சிரிப்பு இல்லை. யாரோ ஒரு செம்பை ணங்கென்று கீழே வைத்த சத்தம்தான் வந்தது.

சந்தையில் எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு. புன்னக்காயலிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்பவன், ரோமன் கத்தோலிக்கன். வசனச் சண்டையெல்லாம் அவனுக்குக் கிடையாது. அவர்கள் ஊரில் பங்குச் சாமியார் சொன்னால் சொன்னதுதான். அவனாவது என் பக்கம் பேசுவான் என்று போனேன்.

"ஐயரு வழக்கத்தக் காட்டித் தள்ளிப் போட்டாரு. மாமா வசனத்தக் காட்டி நிறுத்திட்டாரு. நான் எதப் பிடிச்சுக்கிட்டுலே நிக்க?"

அவன் கருவாட்டில் ஈ ஓட்டிக்கொண்டே சொன்னான்:

"ஒன் வாயப் பிடிச்சுக்கிட்டு நில்லுலே."