பின்னறை மட்டும் கொதித்த வீடு

இதைக் கட்டுக்கதை என்று சொல்லப் போகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்குக் கோபமில்லை. அந்த வீடு இன்றும் மெல்பேர்ன் கிளென் வேவர்லியில் நிற்கிறது. கிரிஜா இன்றும் அங்கேதான் குடியிருக்கிறாள். அவள் வாயால் கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் சொல்கிறேன்.

கிரிஜாவும் புருஷன் சுஜீதனும் வீட்டை வாங்கியது பெப்ரவரியில். விற்றவர் சிறிதரன். கோயிலில் முன்வரிசையில் நிற்கிற மனுஷன், எல்லோருக்கும் அவர் ‘சிறி அண்ணை’. நம்மவர்கள் வீடு வாங்கும்போது பள்ளிக்கூடம் எது என்று கேட்பார்கள், வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள், அதோடு இன்னொன்றையும் கேட்காமல் விடமாட்டார்கள். கிரிஜாவும் கேட்டாள்.

“அண்ணை, வீட்டில செத்தவீடு ஏதும் நடந்ததோ?”

“சீச்சீ, என்ன கதை தங்கச்சி! நானும் மனுசி யோகாவும் அம்மாவும்தான் இருந்தனாங்கள். அம்மாவும் போன வருஷம் கனடாவுக்கு என்ர தங்கச்சியிட்டப் போயிட்டா.”

திருநீறு பூசிய நெற்றியோடு சொன்னார். நம்பாமல் என்ன செய்வது? பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள்.

ஏப்ரலில் பிள்ளை பிறந்தது. ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்ட பெண் குழந்தை. அங்கே குளிர்காலம் தொடங்குகிற ஜூனில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். குளிர் படக்கூடாது. பட்டால் அந்த நுரையீரல் தாங்காது.

அந்த வீட்டில் பழைய முறை ஹீட்டிங். பாய்லரில் கொதிக்கிற தண்ணீர் தரைக்கு அடியில் குழாய் வழியாகப் போய், ஒவ்வோர் அறையிலும் இருக்கிற ரேடியேட்டரைச் சூடாக்கும். எல்லாம் துருப்பிடித்த இரும்பு. பிள்ளை வீட்டுக்கு வருமுன் பாய்லரையும் ரேடியேட்டர்களையும் கழற்றிப் புதுசு போட்டார்கள், தரைக்கு அடியில் போகிற குழாய்களை மட்டும் தொடவில்லை. போட்டவன் நோபல் பார்க்கில் இருக்கிற தனோஜன், இந்த வேலையில் பதினைந்து வருஷம் ஊறியவன்.

புதுசு போட்ட அன்றே பிடித்தது சனியன். ஹோல் குளிர்ந்தது. குசினி குளிர்ந்தது. பிள்ளைக்கென்று நீலப் பெயின்ட் அடித்துவைத்த அறை ஐஸ் பெட்டி மாதிரிக் கிடந்தது. பின்னறை மட்டும் கொதித்தது. ஆருக்கும் தேவைப்படாத, பழைய சூட்கேஸ் அடுக்கிவைத்த பின்னறை!

தனோஜன் வந்தான். ரேடியேட்டர்களில் அடைபட்ட காற்றைத் திறந்து விட்டான். குழாய்களைக் கழுவினான். பம்பை மாற்றினான். பின்னறை வால்வை இறுக்கி மூடினான். மூடிய பிறகும் அந்த ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை.

“அக்கா, நான் இப்பிடி ஒண்டு காணேல்லை,” என்றான்.

வேறு வழி? சூட்கேஸ்களை வெளியே எடுத்துவிட்டு, பிள்ளையின் கட்டிலைப் பின்னறையில் போட்டாள் கிரிஜா.

முதலில் வாசம். கைகால் உளைவுக்குப் பூசுகிற தைல வாசம். அந்த வீட்டில் ஒருவரும் தைலம் பூசுவதில்லை.

பிறகு போர்வை. பிள்ளை உதைத்துத் தள்ளிய போர்வை, காலையில் பார்த்தால் கழுத்துவரை இழுத்துச் செருகியிருந்தது. சுஜீதன் செய்தான் என்று கிரிஜா நினைத்தாள். கிரிஜா செய்தாள் என்று சுஜீதன் நினைத்தான். இரண்டு பேரும் செய்யவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.



அடுத்த சனிக்கிழமை தனோஜன் மறுபடி வந்தான். பின்னறைக் குழாயைத் தரைக்கு அடியிலேயே மறித்தால் சூடு மற்ற அறைகளுக்குத் திரும்பும் என்று கணக்குப் போட்டு, டோர்ச்சோடு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனான்.

திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

“அக்கா... அங்க ஒரு வால்வு இருக்கு. முதலே ஆரோ பூட்டி வைச்சிருக்கினம். ஆட்டினாலும் அசையாது.”

“அப்ப?”

“அப்ப... அந்த அறைக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் போகாது.”

பிள்ளை உள்ளே படுத்திருந்தாள். தூக்கி வந்தால் குளிர். விட்டுவைத்தால்... என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் சிறிதரனுக்குப் போன் எடுத்தாள். முன்பு மூன்று தரம் எடுத்திருக்கிறாள். மூன்று தரமும் ‘பிஸி தங்கச்சி’. இந்தத் தரம் அவள் விடவில்லை.

“வாறியளோ, இல்லாட்டி நான் கோயிலில வைச்சுக் கேக்கட்டோ?”

மானம் என்றதும் மனுஷன் ஓடி வந்தார். மாலை ஐந்தரை. மெல்பேர்ன் குளிர்காலம், நன்றாக இருட்டிவிட்டது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தவர், குசினியைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை.

“அது சும்மா சாமான் போடுற அறை தங்கச்சி.”

“சாமான் அறைக்கு ஏன் அண்ணை நிலத்துக்குக் கீழ வால்வு பூட்டினனீங்கள்?”

சிறிதரன் வாசல் பக்கம் திரும்பினார்.

“வந்து பாருங்கோ.”

சுஜீதன் அவர் கையைப் பிடித்தே கூட்டிப் போனான். கதவு திறந்தது. உள்ளே அடுப்படிச் சூடு. கிரிஜாவின் நெற்றி வியர்த்தது.

சிறிதரன் உள்ளே கால் வைத்தார்.

அவர் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. மூச்சுப் புகை... உறைபனியில் நிற்கிறவனுக்கு வருகிற மாதிரி.

“ஆர்... ஆர் இங்க ஏசி போட்டது?”

பல்லோடு பல் அடித்தது. உதடு நீலம்.

கிரிஜா பாய்ந்து பிள்ளையைத் தூக்கினாள்.

பிள்ளைக்கு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. சிரித்தாள். அம்மாவைப் பார்த்து அல்ல.

சிறிதரனின் தோளுக்குப் பின்னால் பார்த்து.

தைல வாசம்... மூக்கைத் துளைத்தது.

சிறிதரன் திரும்பிப் பார்த்தார்.

சுஜீதனைத் தள்ளிவிட்டு ஓடினார். சப்பாத்தை விட்டுவிட்டு, வெறும் சொக்ஸோடு ரோட்டில் இறங்கிக் காரில் ஏறிப் போனார்.

கார் திரும்பிய அதே நிமிஷம்...

க்ளக்.

ஸ்ஸ்ஸ்...

ஹோல், குசினி, நீல அறை. எல்லா ரேடியேட்டரும் சூடாகத் தொடங்கின. பின்னறை ஆறிப்போனது.

மறுநாள் காலை செய்தி வந்தது. சிறி அண்ணை படுக்கையிலேயே முடிந்துவிட்டார்.

செத்தவீட்டில் யோகா அன்ரி கிரிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாவம், மாமியார் எப்படிச் செத்தா என்று அவள் அறியாதவள். போன குளிர்காலம் முழுக்க சிட்னி பிளாக்டவுனில் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு நின்றவள்.

“மாமி கனடாவுக்குப் போகேல்லை பிள்ளை. அந்த அறையிலதான் செத்தவ. நித்திரையில போயிட்டா எண்டு இவர் சொன்னவர். வீடு விக்கிற நேரம், வெளியில சொல்லாதை எண்டார். ஆருக்கும் அறிவிக்கேல்லை. அந்தியேட்டிகூடச் செய்யேல்லை.”

பெற்றவளுக்கு முப்பத்தோராம் நாள் காரியம்கூடச் செய்யாமல் வீட்டை விற்றிருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு வேறு!

“அண்டைக்கு இரவு ஹீட்டரை முப்பதில போட்டம். பக்கத்தில படுத்த நான் வேர்த்து வழிஞ்சன். அவர் நாலு போர்வைக்குள்ள நடுங்கினார். விடிய விடிய ஒரே கதைதான். ‘எணை அம்மா, கதவைத் திறவணை... குளிருதணை...’ எங்கட அறைக்கதவு திறந்துதான் பிள்ளை கிடந்தது.”

குளிரில் விறைத்துச் செத்திருக்கிறார் என்றார்கள் டாக்டர்கள். முப்பது டிகிரி அறையில் அது எப்படி என்று அவர்களுக்கும் விளங்கவில்லை. எனக்கு அந்த மனுஷனில் ஒரு துளி இரக்கமும் வரவில்லை, பாவம் வந்தால் வரட்டும்.

இரண்டு கிழமை கழித்து, பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவி எலேனி பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். பேச்சு சிறிதரனின் தாய்மேல் திரும்பியது. போன வருஷம் ஜூலையில் மகன் மூன்று நாள் சிட்னிக்குப் போயிருந்தானாம். தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது, கத்துவா, கவனிக்காதே என்று எலேனியிடம் சொல்லிவிட்டுப் போனானாம். அந்தத் தாய் பின்னறை ஜன்னலைத் தட்டித் தட்டி ஒரே சொல்லைச் சொன்னாவாம். முதல்நாள் பெரிய குரலில், இரண்டாம் நாள் மெல்ல, மூன்றாம் நாள் சத்தமே இல்லையாம்.

“உங்கள் பாஷைதானே, அதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டு, எலேனி அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லிக் காட்டினாள்.

“திறவடா.”

கிரிஜா பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.